ஒரு கோரிக்கை சட்டமான வரலாறு

மனுக் கொடுப்பது நம் மக்களுக்குப் புதிதன்று. சாலை வேண்டும், குடிநீர் வேண்டும், தூண்டில் வளைவு வேண்டும் என்று எழுதி, ஊர்ப் பெரியவர்கள் கையொப்பமிட்டு, கலெக்டர் அலுவலகப் படியேறிக் கொடுத்துவிட்டு வருகிறோம். பிறகு மறந்து போகிறோம். ஒரு மனு சட்டமாக வேண்டுமானால் அதன் பின்னால் எத்தனை ஆண்டு உழைப்பு நிற்க வேண்டும் என்பதற்குக் கேரளக் கடற்கரை மக்களின் வரலாறு நல்ல சான்று.

1953-இல் கொல்லத்தை அடுத்த சக்திகுளங்கரை, நீண்டகரைப் பகுதியில் இந்திய–நார்வே கூட்டுத் திட்டம் தொடங்கியது. ஏழை மீனவரை முன்னேற்றுவதே அதன் நோக்கம். ஆனால் இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறியதும், கடலடியை வாரிச் செல்லும் இழுவை மடிப் படகுகள் பெருகின. கடலுக்கே போகாதவர்களும் முதல் போட்டுப் படகு வாங்கினார்கள். கரையோரத்தில் வள்ளமும் கட்டுமரமும் செலுத்தியவர்களுக்கு வலை அறுந்தது, மீனும் குறைந்தது. கடலில் மோதல், கரையில் தீ வைப்பு என்று கலகம் மூண்டது.

கலகத்தால் சட்டம் வராது என்பதை உணர்ந்தவர்கள் அமைப்பாகத் திரண்டார்கள். கோவாவின் மத்தான்ஹி சல்தான்ஹா போன்றோரின் முயற்சியால் 1978-இல் தேசிய மீனவர் பேரவை உருவாயிற்று. கேரளத்தில் அருட்தந்தை தாமஸ் கொச்சேரியும் அருட்சகோதரிகள் பலரும் மக்களோடு நின்றார்கள். இவர்கள் முதலில் தெரிந்துகொண்டது, எந்த வாசலைத் தட்டுவது என்பதே. நமது அரசியல் சட்டப்படி கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள மீன்பிடிப்பு மாநில அரசின் பொறுப்பு. அதற்கு அப்பால் மத்திய அரசின் பொறுப்பு. ஆகவே டில்லிக்குச் சென்று மாதிரிச் சட்டம் கேட்டார்கள். திருவனந்தபுரத்தில் சட்டத்தையே கேட்டார்கள். 1980-இல் கேரளக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. தமிழ்நாட்டில் அத்தகைய சட்டம் 1983-இல் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் பாரம்பரிய மீனவருக்கென ஒதுக்கப்பட்டது.

சட்டம் வந்தும் மழைக்கால மாதங்களில் இழுவை மடி நிற்கவில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பல மீன்கள் சினைப்படும் காலம். அதே காலத்தில்தான் நீண்டகரையில் கரிக்காடி இறால் குவியும். ஆகவே கோரிக்கையைச் சுருக்கினார்கள். நூறு குறைகளை அடுக்காமல், அந்த மூன்று மாதமும் இழுவை மடி கூடாது என்ற ஒன்றையே முன்வைத்தார்கள். படிக்காத பாட்டியும் சொல்லக்கூடிய கோரிக்கை! 1981-இல் தந்தை கொச்சேரி உண்ணாவிரதம் இருந்தார். 1984-இல் கோழிக்கோட்டில் அருட்சகோதரி ஆலிஸ் இருந்தார்.

அரசு குழுக்களை அமைத்தது. பாபு பால் குழுவில் தடையைப் பற்றி மட்டும் ஒருமித்த கருத்து எழவில்லை. கலாவர் குழு படகுகளைக் குறைக்கச் சொல்லியதே தவிரத் தடையைப் பரிந்துரைக்கவில்லை. தடை போட்டால் கரிக்காடி வீணாகும் என்று விஞ்ஞானிகளிலும் சிலர் வாதிட்டார்கள். 'குழு என்றால் கிணற்றில் போட்ட கல்' என்று நாம் கைவிட்டிருப்போம். அவர்களோ ஒவ்வொரு குழுவின் முன்னும் சென்று கணக்கைக் காட்டினார்கள். திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் ஜான் குரியன் போன்ற பொருளாதார அறிஞர்களின் ஆய்வுகளும் துணை நின்றன. என் எண்ணத்தில், உண்ணாவிரதத்துக்கு நிகரான பலம் இந்தக் கணக்குகளுக்கும் உண்டு. முன்னது அரசைத் திரும்பிப் பார்க்க வைத்தது, பின்னது அரசுக்குப் பதில் சொல்ல வழியில்லாமல் செய்தது.

வருத்தமான ஒன்றையும் மறைக்கலாகாது. விசைப்படகுக்காரரும் நம் சகோதரரே. சக்திகுளங்கரையில் படகு உரிமையாளரிலும் கூலித் தொழிலாளரிலும் கத்தோலிக்கர் ஏராளம். ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குவோர் கடலில் எதிரெதிராய் நின்றார்கள். குருக்கள் தெருவில் இறங்குவது தகுமா என்று திருச்சபைக்குள்ளும் கருத்து வேற்றுமை எழுந்தது.

1988-இல் தடை வந்தது. ஆனால் நீண்டகரைக்கு விலக்கு! 1989-இல் மேற்கு வங்கத்திலிருந்தும் பம்பாய்ப் பக்கத்திலிருந்தும் புறப்பட்ட இரு கடற்கரைப் பயணங்கள், மே முதல் நாள் நம் கன்னியாகுமரியில் சங்கமித்தன. அங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது துயரமே. அவ்வாண்டே பாலகிருஷ்ணன் நாயர் குழு தடையை முழுமையாக ஆதரிக்க, நீண்டகரையும் தடைக்குள் வந்தது. படகு உரிமையாளர் வழக்காடினார்கள். 1994-இல் உச்ச நீதிமன்றம் மழைக்காலத் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில் 2001 முதல் தடைக்காலம் நடைமுறைக்கு வந்தது. 45 நாளாயிருந்தது 2017-இல் 61 நாளாயிற்று: கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குமரியின் மேற்குக் கரையில் ஜூன், ஜூலை. அந்நாட்களில் படகில் கூலிக்குப் போகிறவன் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்ற கேள்வி எழுந்தது. தடைக்கால நிவாரணம் கிடைத்தது. தொகை போதாது என்று ஊருக்கு ஊர் மனுக்கள் எழுதப்பட்டன.