கொடுத்தவன் யார்?

எங்கள் திருவாலங்காட்டின் பெயரை வரலாற்றில் நிலைநாட்டியவை, 1905ஆம் ஆண்டில் வெளிப்பட்ட 31 செப்பேடுகள். பழையனூர் என்னும் ஊரை இக்கோயிலுக்கு இராசேந்திர சோழன் வழங்கிய செய்தியைச் சொல்லும் ஏடுகள் அவை. ஆனால், அச்செய்தியோடு சோழர் குலப் பெருமையும் ஏடு ஏடாக நீள்கிறது! வியப்பென்ன? செம்பு அரசனுடையது, எழுத்தாணியும் அவனுக்கே ஊழியம் செய்தது. பழையனூரில் ஏர் பிடித்தவன் என்ன எண்ணினான் என்று எழுத எவன் செம்பு கொடுப்பான்?

செப்பேட்டுக்கும் திரைப்படத்துக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள், தோழர்களே. படச்சுருளையும் விலை கொடுத்துத்தானே வாங்க வேண்டியிருக்கிறது! வாங்கியவன் குரல்தான் அதில் முதலில் ஒலிக்கும்.

இந்தக் கட்டை உடைக்க முனைந்தவர் கேரளத்து ஜான் ஆபிரகாம். 1977இல் 'அக்கிரகாரத்தில் கழுதை' என்ற தமிழ்ப் படத்தை எடுத்தவர். கழுதையை அடித்துக் கொன்றவர்களே அதற்குக் கோயில் எழுப்பத் துடிக்கும் கதை! சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது வந்தது. கொட்டகைக் கதவுதான் திறக்கவில்லை. விருது கொடுத்த கை வேறு, கொட்டகைச் சாவி வைத்திருந்த கை வேறு.

கதவைத் தட்டிக்கொண்டே நிற்கவில்லை ஜான். 1984இல் கோழிக்கோட்டில் தோழர்களோடு 'ஒடேசா' என்னும் குழுவைத் தொடங்கினார். ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' (1925) படத்தில் மக்கள் சுடப்பட்டு வீழும் படிக்கட்டுகள் நினைவிருக்கிறதா? அந்த நகரின் பெயர்தான் அது. படம்காட்டும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றனர். சாப்ளினின் 'தி கிட்' போன்ற படங்களைத் தெருவிலே காட்டினர், துண்டேந்தினர். விழுந்தது சில்லறைதான். கூலிக்காரன் மடியிலிருந்து வந்த அந்தச் சில்லறையில் 1986இல் பிறந்தது 'அம்ம அறியான்'.

இறந்துபோன இளைஞனொருவனின் சாவை அவன் தாய்க்கு அறிவிக்க ஒருவன் புறப்படுகிறான். வயநாட்டிலிருந்து கொச்சி வரை வழிநெடுக ஒருவர் பின் ஒருவராகச் சேர்கிறார்கள். படத்துக்குப் பணம் சேர்ந்ததும் இப்படித்தானே! முடிந்த படத்தையும் கட்டணக் கொட்டகைக்கு விடாமல் மக்களிடமே கொண்டுபோனார்கள். மறு ஆண்டு, 1987 மே 31 அன்று, ஜான் மறைந்தார். 49 வயதுதான். ஒடேசா சத்யன் முதலான தோழர்கள் ஆவணப்படங்களால் பணியைத் தொடர்ந்தனர்.

திரையை மேடையாக்கி ஆட்சியையே பிடித்த தமிழகத்தில் இப்படியொரு துண்டேந்தல் ஏன் எழவில்லை? இக்கேள்வி என்னை உறுத்துகிறது. 'வேலைக்காரி'யும் 'பராசக்தி'யும் கொட்டகையிலேயே வென்றதால், வேறு வழி தேவையில்லை என்று இருந்துவிட்டோமோ!

பிந்தியேனும் ஒரு வழி திறந்தது. 1998 முதல் மதுரையில் அமுதன் முதலானோர் 'மறுபக்கம்' குழுவின் வழியே ஆவணப்பட, குறும்பட விழா நடத்தினர். அமுதன் 2003இல் எடுத்த படத்தின் பெயர் 'பீ'. முகம் சுளிக்கிறீர்களா? மதுரைத் தெருவில் அதை நாள்தோறும் அள்ளிய பெண்ணொருத்தியைப் பற்றிய படம் அது. எந்தப் பட முதலாளி அதற்குப் பணம் கொடுத்திருப்பார்?