தசராவில் கூடிய சபையும் நம்ம ஊர் திவான்களும்

போன மாதம் எங்கள் ஊர் நகரசபைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தெருமுனையில் பள்ளிப் பேருந்து வந்து நிற்கிற இடத்தில் விளக்கு கிடையாது. குளிர்காலத்தில் காலை ஏழு மணிக்கும் கும்மிருட்டு, பிள்ளைகள் அந்த இருட்டில்தான் ரோட்டைக் கடக்கிறார்கள். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். பேசினேன். "குறித்துக்கொண்டோம், நன்றி" என்றார்கள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் தங்கமணி ஒரு கேள்வி கேட்டார். "உங்களுக்கு இங்க ஓட்டே கிடையாது. நீங்க பேசினா அவங்க எதுக்குக் கேக்கணும்?"

பதில் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது ஞாபகத்துக்கு வந்தது மைசூர் டவுன் ஹால்.

சில வருடங்களுக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது குடும்பத்தோடு மைசூர் போனோம். (2014லிருந்து அதிகாரபூர்வமாக மைசூரு. எனக்கு வாயில் வருவது மைசூர்தான், கர்நாடக நண்பர்கள் மன்னிக்க.) எல்லாரும் அரண்மனையையும் ஜகன்மோகன் மாளிகையையும் பார்க்கிற அவசரத்தில் இருக்க, நான் பெரிய கடிகார கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற டவுன் ஹால் வாசலில் நின்றுவிட்டேன். 1884ல் கட்டியது. அதன் முழுப்பெயர் ரங்காச்சார்லு நினைவு மண்டபம். யார் இந்த ரங்காச்சார்லு என்று தேடப்போய்த்தான் இந்தக் கதைக்குள் வந்து விழுந்தேன்.

செட்டிபுண்ணியம் வீரவல்லி ரங்காச்சார்லு. பெயரின் வால் தெலுங்கு மாதிரி ஒலித்தாலும் ஆள் நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். பிறந்தது 1831. அதே 1831ல்தான் வெள்ளைக்காரர்கள் மைசூர் ராஜாவிடமிருந்து நிர்வாகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். சென்னை மாகாண அரசு வேலையில் இருந்தவர், 1868ல் மைசூர் அரண்மனை விவகாரங்களைச் சீர்செய்ய வந்தார். ஐம்பது வருடம் கழித்து, 1881 மார்ச் 25ம் தேதி, பதினெட்டே வயதான சாமராஜேந்திர உடையாரிடம் ஆட்சி திரும்பி வந்தபோது திவான் நாற்காலியில் உட்கார்ந்தவர் இவர்தான்.

அவர் கையில் கிடைத்த மைசூர் எப்படி இருந்தது? 1876 முதல் 1878 வரை அடித்த பஞ்சம் ஊரையே சூறையாடிவிட்டுப் போயிருந்தது. 1871 கணக்கெடுப்பில் 50 லட்சத்துக்கு மேல் இருந்த ஜனத்தொகை, 1881ல் 42 லட்சத்துக்கும் கீழே. பத்து வருடத்தில் கூடியிருக்க வேண்டிய எண்ணிக்கை, கிட்டத்தட்ட 9 லட்சம் குறைந்திருக்கிறது. கஜானா காலி, தலைக்கு மேல் கடன். போதாக்குறைக்கு, ஆட்சியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆங்கிலேயர் வருடாந்தரக் கப்பத்தை இருபத்து நாலரை லட்சத்திலிருந்து 35 லட்சமாக ஏற்றிவிட்டார்கள். பாவம், கூடுதல் தொகையை மட்டும் சில வருடம் கழித்துக் கட்டலாம் என்று பெரிய மனசு பண்ணினார்கள்!

இந்த நிலைமையில் ஒரு நிர்வாகி என்ன செய்வார்? செலவைக் குறைப்பார், ஆட்களைக் குறைப்பார். ரங்காச்சார்லுவும் அதையெல்லாம் செய்தார். ஆனால் ஆட்சிக்கு வந்த ஐந்தே மாதத்தில், 1881 ஆகஸ்டில், இன்னொரு உத்தரவும் போடவைத்தார். தாலுகாவுக்கு ஒன்றிரண்டு நிலக்காரர்கள், மாவட்டத்துக்குச் சில வியாபாரிகள் என்று ஆட்களைத் தேர்ந்தெடுத்து தசராவுக்கு மைசூர் அனுப்புங்கள். போன வருடம் அரசாங்கம் என்ன செய்தது, வரும் வருடம் என்ன செய்யப்போகிறது என்று அவர்களிடம் சொல்லப்போகிறோம். அவர்கள் குறைகளையும் கேட்கப்போகிறோம். 1881 அக்டோபர் 7ம் தேதி 144 பேர் கூடினார்கள். அதுதான் மைசூர் பிரஜா பிரதிநிதி சபை. சமஸ்தானங்களில் இந்த மாதிரி ஒன்று அதுதான் முதல்.

அந்த 144 பேரை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பஞ்சம் முடிந்து மூன்றே வருடம். தப்பிப் பிழைத்தவர்கள், பக்கத்து வீடு காலியானதைப் பார்த்தவர்கள். நாட்டின் வரவு செலவு இவ்வளவு என்று திவானே அவர்கள் முன் நின்று படிக்கிறார்.

அப்போது ரங்காச்சார்லுவின் சொந்த மாவட்டத்தில் என்ன நிலைமை? சென்னையில் சட்டசபை என்று ஒன்று 1861 சட்டப்படி இருந்தது. ஆனால் அங்கே உறுப்பினர் அரசாங்கத்தைக் கேள்வி கேட்க முடியாது, பட்ஜெட்டைப் பற்றிப் பேச முடியாது. அந்த உரிமைகள் 1892 சட்டத்தில்தான் வந்தன, அதுவும் ஓட்டெடுப்பு இல்லாமல். காங்கிரஸ் மகாசபையே 1885ல்தான் பிறக்கிறது. ஆக, தும்கூர் விவசாயி திவான் முகத்தைப் பார்த்து "எங்க ஏரி உடைஞ்சு போச்சு, ஏன் கட்டலை?" என்று கேட்கக்கூடிய காலத்தில், செங்கல்பட்டு விவசாயிக்குக் கேட்க ஒரு இடமில்லை.

சரி, இந்தச் சபைக்கு என்ன அதிகாரம்? ஒன்றுமில்லை! சட்டம் போட முடியாது. வரியை நிறுத்த முடியாது. ஓட்டெடுப்பு கிடையாது. ஆரம்பத்தில் தேர்தலும் கிடையாது, உள்ளூர் போர்டுகள் பொறுக்கி அனுப்பியவர்கள்தான். திவான் தலைமை தாங்குவார், திவானே அறிக்கை வாசிப்பார், கேள்விகளுக்குப் பதிலும் திவானே. குற்றம் சாட்டப்படுபவரே நீதிபதி நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

அப்படியானால் இதனால் யாருக்குப் பயம்? எனக்குத் தோன்றுவது, திவானுக்கு இல்லை, அமல்தாருக்கு. (அமல்தார் என்றால் நம்ம தாசில்தார்.) பெங்களூரில் உட்கார்ந்திருக்கிற திவானுக்கு சித்ரதுர்காவில் அமல்தார் என்ன செய்கிறார் என்பது அமல்தார் எழுதி அனுப்புகிற காகிதத்திலிருந்துதான் தெரியும். காகிதத்தில் ஏரி எப்போதும் நிரம்பித்தானே இருக்கும். இப்போது வருடத்துக்கு ஒருமுறை அந்தத் தாலுகாவிலிருந்தே ஒருவர் கிளம்பி வந்து, துறைத்தலைவர்கள் எதிரே, காட்டில் விறகு எடுக்க விடவில்லை, மேய்ச்சல் நிலத்தை வளைத்துவிட்டார்கள், விளையாத வருடத்துக்கும் வரி வாங்கிவிட்டார்கள் என்று சொல்கிறார். அதற்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். கேள்வியும் பதிலும் அச்சாகின்றன. அடுத்த தசராவில் அதே ஆளோ அவர் ஊர்க்காரரோ மறுபடி வந்து நிற்பார்.

ரங்காச்சார்லு தன் சபையின் இரண்டு கூட்டங்களைத்தான் பார்த்தார். 1883 ஜனவரியில் சென்னையில் இறந்துபோனார்.

அடுத்து வந்தவரும் நம்ம பக்கத்து ஆள்தான். பாலக்காட்டுக்காரர் சேஷாத்ரி ஐயர். பெங்களூரில் வேலை பார்த்தவர்கள் சேஷாத்ரிபுரம் பஸ் ஏறியிருப்பீர்கள், அவர் பெயர்தான். 1883லிருந்து 1901 வரை, பதினெட்டு வருடம் திவான். 1891ல் சபைக்குத் தேர்தல் வந்தது இவர் காலத்தில். கணிசமாக நிலவரி கட்டுபவர்கள், வியாபாரிகள், பட்டதாரிகள் என்று சிறிய வட்டத்துக்கு மட்டும் ஓட்டு. சிறியதுதான், ஆனால் தேர்தல்.

இங்கே நம் பெருமைக்கு ஒரு சின்ன ஊசி குத்த வேண்டியிருக்கிறது. "மைசூரை ஆண்டது நம்மாட்கள்" என்று கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டே இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். ஆனால் அந்தக் காலத்து மைசூர்க்காரர்கள் பெரிய குறையாகச் சொன்னதே நம்மாட்களைத்தான். பெரிய உத்தியோகமெல்லாம் மதராஸிலிருந்து வந்தவர்களுக்குப் போகிறது, மைசூர் மைசூர்க்காரர்களுக்கே என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். வெளியூரிலிருந்து நன்றாகப் படித்துவிட்டு வந்து நல்ல வேலையில் உட்கார்ந்துகொள்கிற கூட்டம். இதை வாசிக்கும்போது என் அலுவலக அடையாள அட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன் :-)

மூன்றாமவர் வி.பி.மாதவ ராவ். கும்பகோணத்தில் பிறந்த மராத்தியர், மைசூர் அரசு வேலையிலேயே வளர்ந்தவர், 1906லிருந்து 1909 வரை திவான். இவர் 1907ல் சட்டம் இயற்றுவதற்கென்று தனியாக ஒரு சட்டமன்றத்தை ஏற்படுத்தினார். நல்ல காரியம். அதிகாரிகள் கைதான் அதில் ஓங்கியிருந்தது என்றாலும் நல்ல காரியம். ஆனால் அடுத்த வருடமே, 1908ல், பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டு போடும் சட்டம் வந்தது. அரசாங்க அனுமதி இருந்தால்தான் பத்திரிகை நடத்தலாம், பிடிக்காவிட்டால் மூடிவிடலாம்.

அப்போது மைசூரில் வெங்கடகிருஷ்ணய்யா என்று ஒருவர் இருந்தார். மரிமல்லப்பா பள்ளித் தலைமையாசிரியர், பத்திரிகையாசிரியர், பிரதிநிதி சபையிலும் குரல் கொடுத்தவர். ஊரில் எல்லாருக்கும் "தாதய்யா". அனுமதிக்கு மனுப் போட்டுக் காத்திருக்க அவர் தயாராக இல்லை. எதிர்ப்புத் தெரிவித்துத் தன் பத்திரிகைகளையே நிறுத்திவிட்டார். சபையில் அமல்தாரைப் பற்றிக் கேட்கலாம். திவானே ஒரு சட்டம் கொண்டுவந்தால்? கேட்க மட்டும் தெரிந்த சபையால் அதைத் தடுக்க முடியவில்லை.

இதற்குள் மற்ற இடங்களிலும் இதே மாதிரி சபைகள் முளைத்துவிட்டன. புதுக்கோட்டையில் 1902ல், திருவிதாங்கூரில் 1904ல்.

விஸ்வேஸ்வரய்யா காலத்தில் சட்டமன்றத்தில் கேள்வி கேட்கவும் பட்ஜெட்டைப் பற்றிப் பேசவும் உரிமை வந்தது. 1917லிருந்து பிரதிநிதி சபையும் தசரா போக இன்னொரு முறை கூடியது. அணையும் பாலமும் கட்டினவர் என்றுதான் அவரை நமக்குத் தெரியும், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய மாற்றம் 1923ல். மைசூர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பிரஜேந்திரநாத் சீல் தலைமையில் ஒரு கமிட்டி போட்டு, அதன் அறிக்கைப்படி இரண்டு சபைகளுக்கும் சட்டபூர்வமான அந்தஸ்து கொடுத்தார்கள். அதுவரை பிரதிநிதி சபை வெறும் அரசாணையில் தொங்கிக்கொண்டிருந்தது, மகாராஜா நினைத்தால் கலைத்துவிடலாம். இனி புது வரி போடுமுன் அதைக் கலந்தாலோசிக்க வேண்டும். 50 பேர் கொண்ட சட்டமன்றம் மானியக் கோரிக்கைகள் மேல் ஓட்டெடுப்பு நடத்தலாம். செலவான பணத்தைச் சரிபார்க்கப் பொதுக்கணக்குக் குழு. பெண்களுக்கும் ஓட்டு.

ஆனால் பாருங்கள், சட்டமன்றம் வெட்டின மானியத்தை அரசாங்கம் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம். அரண்மனைச் செலவு, ஆங்கிலேயரோடு உள்ள உறவு எல்லாம் பேச்சுக்கே அப்பாற்பட்டவை. இரண்டு சபைக்கும் தலைவர் பழையபடி திவான். திவானை வீட்டுக்கு அனுப்புகிற உரிமை மட்டும் யாருக்கும் கிடையாது, மகாராஜாவைத் தவிர. 1938 ஏப்ரலில் விதுராஸ்வத்தாவில் தடையை மீறிக் கொடியேற்றக் கூடிய கூட்டத்தின் மேல் போலீஸ் சுட்டுப் பலர் இறந்தபோது, பதவி விலகு என்று சொல்லக்கூடிய சபை மைசூரில் இல்லை.

அது வர 1947 ஆக வேண்டியிருந்தது. நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் மைசூரில் மக்களுக்குப் பொறுப்பான மந்திரிசபை வரவில்லை. செப்டம்பரில் "மைசூர் சலோ" என்று போராட்டம் கிளம்பி, அக்டோபரில்தான் கே.சி.ரெட்டி மந்திரிசபை பதவியேற்றது. 144 பேர் கூடின அந்த தசராவிலிருந்து கணக்குப் போட்டால் 66 வருடம். பிரதிநிதி சபை 1949 டிசம்பரில் கலைக்கப்பட்டது.

கதை அதோடு முடிந்ததா என்றால், வேறு பெயரில் தொடர்ந்தது. அதிகாரிகள், மந்திரிகள் மேல் புகாரை விசாரிக்க கர்நாடகம் 1984ல் லோகாயுக்தா சட்டம் போட்டது. 2011ல் நீதிபதி சந்தோஷ் ஹெக்டேயின் சுரங்க அறிக்கைக்குப் பிறகு முதலமைச்சரே பதவி விலக நேர்ந்தது. 2016ல் அன்றைய அரசு ஒரு ஆணை மூலம் ஊழல் தடுப்புப் பிரிவு என்று தனியாக ஆரம்பித்து, லோகாயுக்தா போலீஸின் அதிகாரத்தை அங்கே மாற்றியது. புதுப்பிரிவு யார் கீழே? அரசாங்கத்தின் கீழேதான். ஆறு வருடம் கழித்து, 2022 ஆகஸ்டில், உயர்நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்து அதிகாரத்தைப் பழைய இடத்துக்கே திருப்பியது.

இவ்வளவையும் தங்கமணியிடம் சொல்லி முடிக்க ஒரு டிகாஷன் இறங்கிவிட்டது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப லைட்டு வருமா, வராதா?" என்றார்.

அடுத்த கூட்டம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை. போன தடவை நான் பேசியதைக் கூட்டக் குறிப்பில் அச்சடித்திருக்கிறார்கள், பார்த்தேன், ஒரே ஒரு வரி. அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறேன். எதிர்வீட்டுப் பாட்டியம்மாவையும் கூட்டிப்போகிறேன். அவர் பேரனும் அந்தப் பஸ்தான். அவருக்கு ஓட்டு இருக்கிறது.