காலைச் சிற்றுண்டியும் நட்சத்திர வம்பும்

பிரபலமானவர்களின் காதல், கல்யாணம், மணமுறிவு, விருந்து, விரோதம் எல்லாவற்றையும் பொழுது விடிந்ததும் விடியாததுமாக வானொலியில் பரிகாசமாகப் பேசி, வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கும் ஜனங்களைச் சிரிக்க வைக்கும் வழக்கம் இன்று பல தேசங்களில் வேரூன்றியிருக்கிறது. அதன் பூர்வ சரித்திரத்தைத் தேடிப் போகிறவர் நியூயார்க் நகரத்து வீடு ஒன்றின் சாப்பாட்டு மேஜைக்குத்தான் போய்ச் சேர வேண்டியிருக்கும். அந்த மேஜைக்கு வம்பு வந்து அமர்வதற்கு முன்பு அமெரிக்க வானொலியின் காலைப் பொழுது மிகுந்த நியமத்தோடு நடந்தது. நியூயார்க் மக்கள் கேட்ட டபிள்யூ.ஓ.ஆர். நிலையத்தில் 1925-இல் ஜான் காம்ப்ளிங் என்பவர் நேயர்களுக்குத் தேகப்பயிற்சி சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அவருக்குப் பின் மகனும் பேரனுமாக மூன்று தலைமுறைகள் 2000 வரை அந்த நிலையத்தின் காலை நேரத்தைக் கட்டிக் காத்தன. சிகாகோவிலிருந்து டான் மக்நீல் 1933 ஜூன் மாதம் ஆரம்பித்த 'பிரேக்ஃபஸ்ட் கிளப்' கால்மணிக்கு ஒரு முறை குடும்பத்தாரை மேஜையைச் சுற்றி அணிவகுத்து நடக்கச் சொல்லி, பிரார்த்தனைக்கும் நேரம் ஒதுக்கி, 1968 முடிய நடந்தது.

வம்பு அக்காலத்தில் இரவுக்கு உரிய பண்டமாக இருந்தது. நாடகக் கொட்டகைகளில் ஆடிப் பாடிப் பிழைத்துப் பிறகு பத்திரிகைக்கு வந்த வால்ட்டர் வின்ச்செல், 1932 டிசம்பர் முதல் ஞாயிறு இரவுகளில், அர்த்தமில்லாமல் தந்திக் கருவியைத் தட்டி ஓசை எழுப்பிக்கொண்டு, நிமிஷத்துக்கு ஏறக்குறைய 200 சொற்கள் என்ற வேகத்தில் தேசத்துப் பிரமுகர்களின் அந்தரங்கங்களை அறிவித்தார். ஹாலிவுட்டில் லூயெல்லா பார்சன்ஸ் என்ற பத்திரிகைக்காரி 1934-இல் தொடங்கிய வானொலி நிகழ்ச்சிக்குப் பெரும் பெரும் நட்சத்திரங்கள் கூலியில்லாமல் வந்து நடித்துக் கொடுத்துவிட்டு, விளம்பரதாரரான சூப் கம்பெனியின் டப்பாக்களைப் பெட்டியாக வாங்கிக்கொண்டு போனார்கள். அவருடைய பேனாவின் மீது அவர்களுக்கிருந்த பயம் அத்தகையது. வின்ச்செல்லிடம் வேகம் இருந்தது, பார்சன்ஸிடம் அதிகாரம் இருந்தது. இருவரிடமும் சிரிப்பு இல்லை. நட்சத்திரத்தைப் பற்றிச் செய்தி சொன்னார்களே தவிர, நேயரின் அருகில் உட்கார்ந்து அந்த நட்சத்திரத்தைப் பார்த்துச் சேர்ந்து சிரிக்க அவர்களுக்குத் தெரியவில்லை.

அந்தச் சிரிப்பைக் காலை வானொலிக்குக் கொண்டுவந்தவர் வாஷிங்டன் நகரத்து அறிவிப்பாளர் ஆர்தர் காட்ஃப்ரே. 1931-இல் மோட்டார் விபத்தில் எலும்புகள் நொறுங்கிப் பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்த அவர், படுக்கையிலிருந்தபடியே வானொலியைக் கேட்டுக் கேட்டு, அறிவிப்பாளர்கள் எல்லோரும் ஏதோ பெருங்கூட்டத்தின் முன்னால் மேடையேறி முழங்குவதுபோலப் பேசுகிறார்கள், உண்மையில் கேட்பவரோ தனியாக ஒரு அறையில் இருக்கிறார் என்ற உண்மையைக் கண்டுகொண்டார். எழுந்து வந்ததும் அந்த ஒற்றை மனிதரோடு பேசுகிற குரலில் பேச ஆரம்பித்தார். ஒரு மனிதரோடு நட்பாகப் பேசுகிறவர் விளம்பர வாசகத்தை மந்திரம் ஓதுவதுபோல ஓத முடியாது அல்லவா? ஆகையால் எழுதிக் கொடுத்த காகிதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, விளம்பரதாரரையே கேலி செய்தார். லிப்டன் கம்பெனியின் கோழி சூப்பில் கோழியைத் தேட வேண்டியிருக்கிறதென்று அந்தக் கம்பெனியின் பணத்தைப் பெற்றுக்கொண்டே சொன்னார். சரக்கு விற்பனை குறையவில்லை, பெருகியது. காலை வானொலியின் பரிகாசம் முதன்முதலில் பாய்ந்தது நடிகர்கள் மீதல்ல, தனக்குப் படியளந்த முதலாளியின் மீது என்பதை நான் மிக முக்கியமான விஷயமாகக் கருதுகிறேன். தன்னைவிட வலியவரை, அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, நேயர் அறியப் பரிகசிக்கிற துணிவு அதில் இருந்தது.

இதன் பிறகுதான் தம்பதிகள் வந்தார்கள். எட், பெகீன் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற கணவன் மனைவி இருவரும் தங்கள் வீட்டில் மேஜை மேல் ஒலிவாங்கியை வைத்துக்கொண்டு, எழுதி வைத்த வசனம் எதுவுமின்றி, படித்த புத்தகத்தையும் பார்த்த நாடகத்தையும் பற்றித் தர்க்கம் செய்தபடி டபிள்யூ.ஓ.ஆர். நிலையத்தில் பேசி வந்தார்கள். எட் சிடுசிடுப்பாகப் பேசினார். பெகீன் பொறுமையாகத் திருத்தினார். அவர்கள் வளர்த்த பூனைகள் நியூயார்க் முழுவதும் பிரசித்தி பெற்றன. 1945-இல் அவர்கள் போட்டி நிலையத்துக்குப் போய்விடவே, காலியான இடத்தை நிரப்ப டபிள்யூ.ஓ.ஆர். அழைத்துவந்த ஜோடி டாரத்தி கில்கேலனும் அவருடைய கணவர் ரிச்சர்ட் கால்மரும். டாரத்தி 1938 முதல் 'ஜர்னல் அமெரிக்கன்' பத்திரிகையில் நாடக உலகத்து வம்புப் பத்தியை எழுதி வந்தவர். கால்மர் நடிகர், நாடகத் தயாரிப்பாளர். 'பிரேக்ஃபஸ்ட் வித் டாரத்தி அண்ட் டிக்' என்ற அவர்களுடைய நிகழ்ச்சி 1945 ஏப்ரல் முதல் 1963 வரை அவர்கள் வீட்டிலிருந்தே ஒலிபரப்பாயிற்று. குழந்தைகள் இடையில் வந்து ஏதாவது கேட்பார்கள்; கூண்டிலிருந்த கேனரிப் பறவையின் கூவல் பேச்சின் ஊடே கேட்கும்; முந்தின இரவு அரங்கேறிய நாடகம் எப்படி, விருந்துக்கு யார் யாரோடு வந்தார், எந்த நடிகையின் உடை யாருக்குப் பொறாமை மூட்டியது என்ற விவரங்களெல்லாம் காப்பியோடும் பழரசத்தோடும் கலந்து வரும்; அந்தப் பழரசம் எந்தக் கம்பெனியுடையது என்பதும் மறக்காமல் வரும்.

இந்த மேஜைப் பேச்சை நம் ஊர்த் திண்ணைப் பேச்சுக்குத்தான் ஒப்பிடலாம். திண்ணையில் உட்கார்ந்து பிறரைப் பற்றிப் பேசுகிறவர், அந்தப் பிறர் சாயங்காலம் அதே தெருவில் நடந்து வருவார் என்பதை அறிந்தே பேசுகிறார். டாரத்தியின் பேச்சில் கூர்மை இருந்தது. சில சமயம் குரூரமும் இருந்தது. ஆனால் காலையில் தாம் பரிகசித்த நடிகையை அன்றிரவே ஏதாவது ஒரு நாடகக் கொட்டகையின் வாசலில் அவர் சந்தித்தாக வேண்டும். கணவரின் பிழைப்பும் அதே கொட்டகைகளில்தான் இருந்தது. பரிகசிக்கப்பட்டவர்களும் சும்மா இருக்கவில்லை. ஃபிராங்க் சினாட்ரா, தம்மைப் பற்றி டாரத்தி எழுதியதற்குப் பதிலாக, இரவு விடுதி மேடைகளில் அவருடைய முகத்தோற்றத்தையே கேலி செய்து பழி தீர்த்துக்கொண்டார். அது அழகான செயல் என்று நான் சொல்ல மாட்டேன்; எனினும் அடித்தவரைத் திருப்பி அடிக்கத்தக்க பலம் இரு தரப்பிலும் இருந்தது என்பதற்கு அது சாட்சி.

இத்தகைய தம்பதி நிகழ்ச்சிகள் பெருகிய வேகத்தில் அவற்றையே பரிகசிக்கும் கலையும் பிறந்தது. வானொலி ஹாஸ்யத்தில் ஒப்பற்றவரான ஃபிரெட் ஆலன், நடிகை டல்லூலா பாங்க்ஹெட்டைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வார்த்தைக்கு வார்த்தை கொஞ்சிக்கொண்டும் வாக்கியத்துக்கு ஒரு சரக்கைப் புகழ்ந்துகொண்டும் இருக்கிற காலைத் தம்பதியை முதலில் நடித்துக் காட்டி, பிறகு தூக்கம் கலையாத அந்த வேளையில் கணவனும் மனைவியும் உண்மையில் எப்படி எரிந்து விழுவார்கள் என்பதையும் நடித்துக் காட்டினார். அக்காலத்து வானொலியின் சிறந்த சிருஷ்டிகளுள் இதையும் ஒன்றாக வைப்பேன்.

பரிகாசம் செய்தவரே செய்தியாக மாறிய சம்பவமும் காலை ஒலிபரப்பில்தான் நேர்ந்தது. 1953 அக்டோபர் 19 அன்று, தேசம் முழுவதும் கேட்ட தம்முடைய காலை நிகழ்ச்சியில், இளம் பாடகர் ஜூலியஸ் லா ரோசாவைப் பாடச் சொல்லி, அவர் பாடி முடித்ததும், இதுவே இங்கே அவர் பாடும் கடைசிப் பாட்டு என்ற பொருள்பட அறிவித்து, கோடிக்கணக்கானோர் கேட்க அவரை வேலையிலிருந்து நீக்கினார் காட்ஃப்ரே. அந்த இளைஞரிடம் பணிவு இல்லை என்று பின்னர் நிருபர்களிடம் காரணமும் சொன்னார். முதலாளியைக் கேலி செய்து ஜனங்களின் அன்பைப் பெற்றவர், தாமே முதலாளியாகி, கீழே நின்ற ஒருவரை ஒலிவாங்கியின் முன் வைத்துத் தண்டித்தபோது, அந்த அன்பு திரும்பப் பெற முடியாத அளவுக்குக் குறைந்தது. எனக்கு அந்த ஜனங்களின் நியாய உணர்ச்சியின் மேல் பெரும் மதிப்பு உண்டு.

தொலைக்காட்சி வந்து மாலையையும் இரவையும் கவர்ந்துகொண்ட பிறகு வானொலிக்கு மிஞ்சியது காலையும் மோட்டார் வண்டியும்தான். நியூயார்க்கின் டபிள்யூ.என்.இ.டபிள்யூ. நிலையத்தில் ஜீன் கிளேவன், டீ ஃபின்ச் என்ற இருவர் 1952 முதல் இசைத்தட்டுகளுக்கு நடுவே பற்பல பாத்திரங்களின் குரலில் நையாண்டி செய்தார்கள். வீட்டு மேஜை போய், நிலையத்தின் கண்ணாடி அறை வந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஃபிளாரிடாவின் டாம்ப்பா நகரில் ஸ்காட் ஷானனும் கிளீவ்லண்ட் வீலரும் 'மார்னிங் ஸூ', அதாவது காலை மிருகக்காட்சிச் சாலை, என்ற பெயரில் கூச்சலும் போலிக் குரலும் குறும்புத் தொலைபேசி அழைப்பும் நட்சத்திர வம்பும் ஒன்றாகக் கலந்த ஒரு முறையை வகுத்தார்கள். ஷானன் அதை 1983 ஆகஸ்டில் நியூயார்க்கில் புதிதாகப் பிறந்த 'ஸீ 100' நிலையத்துக்குக் கொண்டுவந்தார். நகரத்தில் கடைசி இடத்திலிருந்த அந்த நிலையம் 74 நாட்களில் முதலிடத்துக்கு ஏறிவிட்டது. அதைப் பார்த்து ஊருக்கு ஊர் அத்தகைய சாலைகள் எழுந்தன. 1986 முதல் நியூயார்க்கின் காலையை ஆண்ட ஹோவர்ட் ஸ்டெர்ன் ஆபாசத்தின் எல்லையைத் தொட்டும் தாண்டியும் பேசியதற்காக, அவருடைய நிலையங்களின் சொந்தக்காரர்கள் 1995-இல் அரசாங்கத்துக்குச் சுமார் 17 லட்சம் டாலர் கட்டி வழக்குகளைத் தீர்த்துக்கொண்டார்கள். ஒரே கூடத்தில் பேசியது பல நகரங்களில் ஒலித்த காலம் அது. பேசுகிறவர் தாம் பரிகசித்தவரை எந்த வாசலிலும் சந்திக்க வேண்டிய அவசியம் அநேகமாக அற்றுப்போயிருந்தது.

அதன் விளைவு 2007 ஏப்ரல் 4 அன்று பகிரங்கமாயிற்று. 1971 முதல் நியூயார்க் காலை வானொலியில் பிரமுகர்களைக் கடித்துக் குதறிப் பேர் பெற்ற டான் ஐமஸ், முந்தின இரவு தேசியக் கூடைப்பந்து இறுதிப் போட்டியில் தோற்றிருந்த ரட்கர்ஸ் சர்வகலாசாலைப் பெண்கள் அணியை, அவர்களுடைய நிறத்தையும் கூந்தலையும் கற்பையும் இழிவு செய்கிற ஒரு சொற்றொடரால் நகைத்தார். அந்த மாணவிகள் யாரையும் வேலையிலிருந்து நீக்குகிறவர்கள் அல்ல, சூப் விற்கிறவர்கள் அல்ல, மேடையேறித் திருப்பி அடிக்கிற சினாட்ராக்களும் அல்ல. அவர்கள் நிருபர்களின் முன்னால் வந்து நிதானமாக, கண்ணியமாக, தங்களைப் பற்றித் தாங்களே பேசினார்கள். விளம்பரதாரர்கள் விலகினார்கள். ஏப்ரல் 12 அன்று சி.பி.எஸ். நிறுவனம் ஐமஸை வேலையிலிருந்து நீக்கியது. அன்று மாலையே நியூஜெர்ஸி ஆளுநரின் மாளிகையில், மூடிய கதவுக்குள், தாம் இழிவு செய்த அந்தப் பெண்களின் எதிரில் பல மணி நேரம் உட்கார்ந்து அவர் மன்னிப்புக் கேட்டார், அவர்கள் மன்னித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கின் வேறொரு நிலையத்தில் அவருடைய காலை நிகழ்ச்சி மீண்டும் தொடங்கியது.