திருமுக்கூடல் ஆதுலசாலையின் வரவு செலவு

நோயுற்றார்க்கு மருந்தளித்தல் அறங்களுள் தலையாயது என்பதனை எல்லோரும் ஒப்புவர். ஆயின், அவ்வறம் நெடுங்காலம் நிற்றற்கு வேண்டுவன யாவை என்று ஆராய்வார் சிலரே. நல்லெண்ணமும் பெரும்பொருளும் அமைந்துவிட்டால் மருத்துவசாலை தானே நடைபெறும் என்பது பலர் கருத்து. தொடக்க நாளில் விளக்கேற்றிச் சிறப்புச் செய்யப்பெற்ற சாலைகள் சில ஆண்டுகளுக்குள் மருந்தின்றியும் மருத்துவரின்றியும் வறிதே கிடத்தலை நாம் கண்டிருக்கின்றோம். அக்கேட்டிற்குக் காரணம் பெரும்பாலும் அன்பின் குறைவன்று, கணக்கின் குறைவே. இவ்வுண்மையை ஏறக்குறைய 950 ஆண்டுகட்கு முன்னரே நம் முன்னோர் உணர்ந்திருந்தனர் என்பதற்குக் கல்லிற் பொறித்த சான்று உண்டு. அதனை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சி இக்காலத்திற்கு எத்துணை வேண்டற்பாலது என்பதனை அறிய, கன்னட நாட்டெல்லையை அடுத்த ஓசூரை நோக்குக. சந்திரசூடேசுவரப் பெருமான் மலைமேற் கோயில்கொண்டருளும் அவ்வூர், பழைய கல்வெட்டுக்களிற் செவிடபாடி எனப் பெயர் பெற்றது. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்குத் தொழிற்பேட்டைகள் எழுந்தன. வெளிமாவட்டத்தாரும் வெளிமாநிலத்தாருமாகிய தொழிலாளர் பல்லாயிரவர் வந்து குடியேறினர். 2004-ஆம் ஆண்டில் தருமபுரியினின்றும் பிரிந்து கிருஷ்ணகிரி தனிமாவட்டமாயிற்று. 2022-இல் ஆங்கு அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பெற்றது. நாட்கூலி பெறும் தொழிலாளி ஒருவன் நோயுற்று அரசு மருத்துவமனைக்கு வருகின்றான் என்க. மருத்துவர் நோயை அறிந்து மருந்தும் எழுதித் தருகின்றார். அம்மருந்து சாலையில் இல்லையாயின் அவன் என் செய்வான்? சில நாட் கூலியைக் கடையிற் கொடுத்தல் வேண்டும். அன்றேல் மருந்தின்றி வீடு திரும்பல் வேண்டும். மருத்துவரின் புலமை முழுதும் வெற்றுப் பேழையின் முன் பயனற்றுப் போகின்றது. ஆகலின், வேண்டிய மருந்து வேண்டிய நாளில் இருத்தல் மருத்துவத்தின் புறத்ததன்று. மருத்துவத்தின் பாதியே அதுவாம்.

நிற்க. ஓசூர் வழியாகப் பாயும் தென்பெண்ணையும் காஞ்சி நாட்டை வளம்படுத்தும் பாலாறும் கன்னட நாட்டு நந்திமலைப் பகுதியிலேயே பிறக்கின்றன. பாலாறு கீழ்த்திசை சென்று, செய்யாற்றோடும் வேகவதியோடும் கூடும் இடமே திருமுக்கூடல். காஞ்சிபுரம் மாவட்டத்தில் பழைய சீவரத்திற்கு எதிர்க்கரையில் உள்ள அவ்வூர்த் திருமால் கோயிலில், வீரராசேந்திர சோழனது ஐந்தாம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 1068-ஐ ஒட்டி வெட்டப்பெற்ற நெடிய கல்வெட்டொன்று உளது. சிவநெறி போற்றிய சோழர் குலத்து வேந்தன் ஒருவன் காலத்தில் திருமால் கோயிலில் விளங்கிய அறநிலையங்களை அது கூறுகின்றது. சனநாத மண்டபம் என்னும் பெயரிய மண்டபத்தில் வேதமும் இலக்கணமும் பயிலும் கல்லூரியும், மாணவர் உண்டுறையும் விடுதியும், வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலசாலையும் இருந்தன. ஆதுலர் என்பார் பிணியாளர். அச்சாலையிற் கிடை 15. இக்காலத்தார் படுக்கை என்பது அது.

கல்வெட்டின் பெருமை இத்தகைய சாலை ஒன்று இருந்தது எனக் கூறுதலில் மட்டும் அடங்குவதன்று. தஞ்சையிலும் சுந்தரசோழன் பெயரால் ஆதுலசாலை ஒன்று இருந்தமையும், அதற்குக் குந்தவைப் பிராட்டியார் கொடையளித்தமையும் வேறு கல்வெட்டுக்களால் அறியப்படும். திருமுக்கூடற் கல்வெட்டோ, ஒவ்வொரு செலவையும் நாழி அளவிற்கு இறங்கிக் கணக்கிட்டு வைத்துள்ளது. அஃதே அதன் தனிச்சிறப்பு.

முதலிற் பணியாளர் சம்பளத்தைக் காண்க. மருத்துவர்க்கு ஆண்டொன்றுக்கு நெல் 90 கலமும் காசு 8-உம். அறுவை மருத்துவஞ் செய்வார்க்கு நெல் 30 கலம். வேரும் பச்சிலையும் விறகும் கொணர்ந்து மருந்து அடுவார் இருவர்க்கு நெல் 60 கலமும் காசு 2-உம். பிணியாளரைப் பேணி மருந்தூட்டும் பெண்டிர் இருவர்க்கு நெல் 30 கலமும் காசு 1-உம். நாவிதனுக்கு 15 கலம். தண்ணீர் வைப்பானுக்கு 15 கலம். இவற்றைக் கூட்ட, நெல் 240 கலமும் காசு 11-உம் ஆகின்றன. கலம் ஒன்றுக்குக் குறுணி 12 ஆகலின், 360 நாள் கொண்ட ஆண்டுக்கு மருத்துவர் பெறுவது நாடோறும் முக்குறுணி. அறுவை மருத்துவர் பெறுவது ஒரு குறுணி. சம்பளத்தின் பெரும்பகுதி நெல்லாக அளக்கப்பெற்றமையின், விலை ஏறினும் இறங்கினும் பணியாளர் உணவுக்கு இடையூறில்லை. விலைக்குக் கொள்வனவற்றிற்கே காசு வேண்டப்பட்டது. பிணியாளர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு அரிசி ஒரு நாழி. பதினைவர்க்கும் ஆண்டு முழுதும் 5400 நாழி, அஃதாவது 56 கலமும் 3 குறுணியும் ஆம் என்பது யாம் கணக்கிட்டது. இரவில் எரியும் விளக்கிற்கும் எண்ணெய் ஒதுக்கப்பெற்றது. பிணியாளர் இருளிற் கிடத்தலாகாது என்னும் அருளும் கணக்கில் ஒரு வரியாக ஏறிற்று.

இனி மருந்துக்கு வருவோம். ஓராண்டிற்கு வேண்டும் மருந்துகள் இன்னின்ன என்று ஏறக்குறைய 20 பெயர்கள் கல்லில் உள்ளன. வாசாஹரீதகி, தசமூலஹரீதகி, பல்லாதகஹரீதகி, பலாகேரண்ட தைலம், பஞ்சாக தைலம், வில்வாதி கிருதம், மண்டூகர வடகம், விமலை, சுனேத்திரி, கல்யாணலவணம் என்பன அவற்றுட் சில. தைலத்திற்குத் தூணி, நெய்க்குப் பதக்கு, வடகத்திற்கு எண்ணிக்கை என ஒவ்வொன்றிற்கும் அளவும் குறிக்கப்பெற்றுள்ளது. ஹரீதகி என்பது கடுக்காய். அது பாலாற்று மணற்கரையில் விளைவதன்று, மலைச்சரக்கு. நோயாளி வந்து நின்றபின் மலைக்கு ஆள் விடுத்தல் இயலாது. ஆதலின், பருவத்திலே தொகுத்து, முறைப்படி அடுத்து, ஓராண்டுக்குரியதை முன்னரே இருப்பு வைத்தனர். இதனினும் வியக்கத்தக்கது புராணகிருதம் என்னும் பழநெய். நெய் நாட்பட்டுப் பழமை எய்தினாலன்றி அது மருந்தாகாது. அதன்பொருட்டு ஆண்டுதோறும் பசுநெய் எடுத்து வைக்குமாறு கல்வெட்டு விதிக்கின்றது. பின்னாளில் வரும் பிணியாளனுக்காக இன்றே நெய் எடுத்து வைத்தலினும் சிறந்த முன்னறிவு யாது!

இச்செலவெல்லாம் எங்கிருந்து வந்தன? வயலைக்காவூர் என்னும் தேவதான ஊரின் வருவாயினின்று வந்தன. கோயில் வழிபாடு, விழா, கல்லூரி, விடுதி, ஆதுலசாலை ஆகிய அனைத்திற்குமாக மூவாயிரத்திற்கும் மேற்பட்ட கலம் நெல்லும் இருநூற்றுக்கும் மேற்பட்ட காசும் பகுத்து வைக்கப்பெற்றன. மருந்துக்குரியதை வேறொன்றிற்குச் செலவிடுவோன் கல்லோடு மாறுபட்டவனாவான். எழுத்தறிந்தார் எவரும் அவனைக் கேட்டல் கூடும். ஒளிவின்றிப் பொதுவிடத்தில் நிறுத்திய வரவுசெலவுத் திட்டம் இதுவாகும்.

குறையும் கூறுதல் கடன். இச்சாலை ஊரார் அனைவர்க்கும் திறந்ததன்று. கல்லூரியினர்க்கும் கோயிற் பணியாளர்க்குமே பெரிதும் உரியது. மேலும், ஓரூரின் விளைவையே பற்றி நின்றமையின், அவ்வூர் வருவாய் தவறின் தாங்குதற்கு வேறு கொம்பில்லை. இன்று சாலை இல்லை, கல்லே உளது.

இதனோடு ஒப்புநோக்கத் தக்கது ஆந்திர நாட்டு மல்காபுரக் கல்வெட்டு. கி.பி. 1261-இல் காகதீய அரசி உருத்திரமாதேவி காலத்தில், கோளகி மடத்துச் சைவாசாரியராகிய விசுவேசுவர சிவாசாரியார் தாம் பெற்ற ஊர்களின் வருவாயை மூன்று கூறாக்கினார். ஒரு கூறு சுத்தசைவ மடத்திற்கு. ஒரு கூறு மாணவர்க்கு. ஒரு கூறு மகப்பேற்றுச் சாலை, நோய் நீக்கும் சாலை, அன்னசாலை இவற்றிற்கு. திருமுக்கூடலில் அளவு நிலையானது; மல்காபுரத்திற் பங்கு நிலையானது. விளைவு குறைந்த ஆண்டில் எல்லா அறமும் ஒப்பக் குறையுமேயன்றி, மருத்துவம் ஒன்றே பட்டினி கிடத்தல் இல்லை. இரண்டும் ஆராய்ந்து கொள்ளத்தக்க முறைகளே.

இனி நம் காலத்து முறையைக் காண்போம். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தோன்றி, அடுத்த ஆண்டு முதல் அரசு மருத்துவமனைகட்கு மருந்து வழங்கத் தொடங்கிற்று. இன்றியமையா மருந்துகளின் பட்டியலை வகுத்தல். வணிகப்பெயரை நோக்காது மருந்தின் பொதுப்பெயரால் ஒப்பந்தப்புள்ளி கோருதல். மாவட்டந்தோறும் கிடங்கில் இருப்பு வைத்தல். ஆய்வுக்கூடத்திற் சோதித்துத் தேறியதனையே வழங்குதல். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கிய தொகையைக் கைச்சாத்துப் புத்தகத்திற் பதிந்து, பெற்ற மருந்தின் விலையை அதிற் கழித்து வருதல் என்பன அதன் முறைகள். கிருஷ்ணகிரி, ஓசூர் அரசு மருத்துவமனைகளும் இம்முறையைச் சார்ந்தனவே. பிற மாநிலங்கள் பலவும் இதனை முன்மாதிரியாகக் கொண்டன. திருமுக்கூடலில் ஓரூரைப் பற்றி நின்ற கொடி ஈண்டு ஒரு மாநிலத்தின் பொதுப் பொருளைப் பற்றி நிற்கின்றது. அன்று நெய் பழையதாதற்பொருட்டு நாளெண்ணிக் காத்தனர். இன்று மருந்து நாட்கடந்து கெடாமைப்பொருட்டு நாளெண்ணிக் காக்கின்றனர். இரண்டிற்கும் வேண்டுவது நாட்கணக்கே.

ஆகலின், மருத்துவசாலை அமைக்க விரும்பும் அன்பர்கள் கட்டடத்திற்குக் கல் நாட்டுமுன் மூன்று வினாக்களைத் தம்மைத்தாமே கேட்டுக்கொள்வாராக. ஆண்டுதோறும் வற்றாத வருவாய் எது? மருந்து எவ்விடத்திருந்து, எந்நாளில், எவ்வளவு வரும்? இருப்பும் செலவும் எவர் கண்ணுக்குத் திறந்திருக்கும்? விடை கூறமாட்டாதார் கொடுக்கும் பொருள், விதை நெல்லை ஒரே நாளில் விருந்தாக்கியதனை ஒக்கும். கணக்கெழுதுதல் உலகியல், அருள் செய்தல் ஆன்மிகம் என்று பிரித்துப் பேசுவாரும் உளர். பதினைந்து பிணியாளர்க்கு நாழியரிசியும் இரவு விளக்கும் குறையாதிருத்தற்குக் கல்லிற் கணக்கு வெட்டிய அவர்தம் கையில் அருளும் கணக்கும் ஒன்றாகவே நின்றன. எல்லையூரில் நோயோடு வந்து நிற்கும் ஏழைத் தொழிலாளிக்கும் அவ்விரண்டும் ஒருங்கே கிடைத்தல் வேண்டும் என்று மருத்துவனாய் நின்று பிறவிப்பிணி தீர்க்கும் பெருமான் திருவருளை வேண்டி அமைகின்றோம்.