திண்ணையிலிருந்து திரைக்கு: நம் இல்லத்து முதியோரின் ஓய்வுப் பொழுது

ஓய்வு நேரத்தை உடல் நலத்தோடு சேர்த்து ஓர் அருட்கொடையாக எண்ணக் கற்பித்தது நம் மார்க்கம். அதை வீணாக்கி நட்டமடைவோரே மிகுதி என்ற எச்சரிக்கையும் நபிமொழியில் உண்டு. பெரும்பாலும் இவ்வறிவுரையை நாம் இளைஞர்களை நோக்கியே சொல்கிறோம். ஆயினும் நம் வீடுகளில் மிகுதியான ஓய்வு நேரம் பெற்றிருப்போர் முதியவர்களே. அந்த நேரத்தின் பெரும்பகுதி இன்று தொலைக்காட்சியின் முன் கழிகிறது. “எந்நேரமும் சீரியல்தானா?” என்று பிள்ளைகள் குறைப்படுகிறார்கள். “வேறு என்ன செய்யச் சொல்கிறாய்?” என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். இவ்விரு கேள்விகளுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லுமுன், அந்தப் பெட்டி வருவதற்கு முன்னர் நம் சமுதாயத்தில் முதியோரின் பொழுது எவ்வாறு கழிந்தது என்பதை வரலாற்றின் வழியே பார்ப்பது நலம்.

செவிக்காக எழுதப்பட்ட நூல்கள்

தமிழ் முஸ்லிம்களின் இலக்கியத்தில் முழுமையாகக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல் ‘ஆயிர மசலா’. வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய இந்நூல் 1572இல் மதுரையில் அரங்கேறியது. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் வினாக்களைத் தொடுக்க, பெருமானார் (ஸல்) அவர்கள் விடையளிப்பதாக அது அமைந்துள்ளது. இந்த அமைப்பை நாம் கவனிக்க வேண்டும். வினா எழுந்தால் விடையைக் கேட்கும் ஆவல் தானே எழும். இடையில் எழுந்து சென்றவர் திரும்பி வந்தாலும் அடுத்த வினாவிலிருந்து தொடரலாம். ஒருவர் படிக்கப் பலர் கேட்பதற்கு ஏற்ற வடிவம் அது. பின்னர் வந்த ‘நூறு மசலா’வும், கிஸ்ஸாக்களும், படைப்போர்களும், முனாஜாத்துகளும் அதே வழியில் செவி வாயிலாகவே வீடுகளுக்குள் புகுந்தன. அச்சுப் புத்தகம் அரிதாயிருந்த, எழுத்தறிவு சிலருக்கே வாய்த்திருந்த காலத்தில் ஓர் ஊருக்கு ஓர் ஏடும், அதைப் பிழையின்றிப் படிக்கும் ஒரு குரலும் போதுமானவையாக இருந்தன. அந்தக் குரல் பெரும்பாலும் ஒரு முதியவருடையதாகவே இருந்தது.

உமறுப் புலவரின் சீறாப்புராணம் இம்மரபின் சிகரம். மூன்று காண்டங்களும் 5,027 பாடல்களும் கொண்ட அப்பெருங்காப்பியத்தைத் தனியே அமர்ந்து படித்தவர்களைவிட, கூட்டத்தில் அமர்ந்து கேட்டவர்களே மிகுதி. ஒருவர் பாடலை இசையோடு படிப்பார். மற்றொருவர் பொருள் விரிப்பார். இரவுதோறும் தொடரும் அந்த விரிவுரைகளில் நாளை என்ன நிகழும் என்ற எதிர்பார்ப்போடு மக்கள் வீடு திரும்பினர். 1842இல் ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் அதை அச்சேற்றிய பின்னரும் இவ்வழக்கம் ஓயவில்லை. அச்சு நூல் அவ்வழக்கத்துக்குத் துணையாகவே நின்றது. நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்து, 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ்பெற்ற செய்குத்தம்பிப் பாவலர், சீறாவுக்கு உரை எழுதியதோடு மேடைகளிலும் பொருள் சொல்லி மக்களைக் கவர்ந்தவர். தொடர்கதைக்காகக் காத்திருக்கும் வழக்கம் சின்னத்திரை புதிதாகக் கொண்டு வந்ததன்று என்பதற்கு இதுவே சான்று.

முற்றத்தில் ஒரு மதரஸா

ஆண்களுக்குப் பள்ளிவாசலும் திண்ணையும் இருந்தன. அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில் ஹவுளின் கரையிலும் வீட்டுத் திண்ணையிலும் பெரியவர்கள் கூடினர். கொழும்பு, பினாங்கு, ரங்கூன், சிங்கப்பூர் என்று வாணிகத்தின் பொருட்டுக் கடல் கடந்து திரும்பியோர் அவர்களுள் பலர். கப்பலின் கதை, சரக்கின் விலை, அயலூர்ப் பழக்கம் ஆகியவற்றோடு, கடன் வாங்கி நொடித்தவரின் கதையும் அங்கே பேசப்படும். அருகில் நின்று கேட்ட சிறுவனுக்கு அதுவே வணிகக் கல்வி.

பெண்களின் உலகம் முற்றத்திலும் அடுக்களைத் தாழ்வாரத்திலும் விரிந்தது. காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெண்களுக்கெனத் தனியே தைக்காக்கள் அமைந்தன. ஓதிக்கொடுக்கும் மூதாட்டி ஒருவரைச் சுற்றித் தெருப் பிள்ளைகள் அமர்ந்திருப்பார்கள். தமிழ் எழுத்து அறியாதவர் என்று பிறர் கருதிய பெண்கள் பலர், அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழைத் தடையின்றி வாசித்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களைப் போன்றோர் அரபுத் தமிழில் எழுதிய சட்ட நூல்களும் மாலைகளும் இப்பெண்களின் கைகளில்தாம் உயிர் வாழ்ந்தன. உளூவின் முறையையும், தொழுகையின் ஒழுங்கையும், பிள்ளைப்பேற்றுக் காலத்தின் விதிகளையும் பேத்திகள் அறிந்தது வாப்பும்மாவும் உம்மும்மாவும் மாலை நேரத்தில் படித்துக் காட்டியதால்தான். கை சும்மா இருந்ததில்லை. பத்தமடையில் கோரை கொண்டு பாய் நெய்த பெண்களைப் போல, எங்கும் ஏதோ ஒரு கைவேலை நடந்துகொண்டே இருக்கும். செவி மட்டும் கதைக்கு அல்லது ஓதலுக்குத் திறந்திருக்கும்.

அக்காலம் முழுவதும் பொற்காலம் என்று நாம் சொல்லத் துணியவில்லை. ஆண்டுக்கணக்கில் கணவரைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டுக் காத்திருந்த பெண்களின் துயரம் அந்த முற்றங்களில் உண்டு. ஏழை வீட்டு மூதாட்டிக்கு ஓய்வு என்பதே கிடைத்ததில்லை. பிறர் வீட்டில் நெல் குற்றியே அவர் முதுமை கழிந்தது. கிஸ்ஸாக்களில் ஆதாரமற்ற கதைகளும் கலந்திருந்தன. ஆலிம்கள் அவற்றைக் கண்டித்ததும் உண்டு. ஆயினும் ஓர் உண்மை இவை அனைத்தையும் கடந்து நிற்கிறது. அன்றைய ஓய்வுப் பொழுதில் முதியவர் பேசுபவராகவும், ஓதுபவராகவும், திருத்துபவராகவும் இருந்தார். வீட்டில் அவருக்கு ஒரு பணி இருந்தது.

குரல் வெளியிலிருந்து வந்தபோது

முதல் மாற்றத்தை வானொலி கொண்டு வந்தது. சென்னையில் 1938இலும் திருச்சியில் 1939இலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தொடங்கப்பட்டன. தென் மாவட்டக் கடற்கரை ஊர்களுக்கோ இலங்கை வானொலியே நெருக்கமான தோழன். கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பங்களுக்கு அது அயல்நாட்டுக் குரலாகத் தோன்றவில்லை. டிரான்சிஸ்டர் வந்த பின்னர் அடுக்களையிலும் கடையிலும் வானொலி ஒலித்தது. நாகூர் ஈ.எம். ஹனீபா (1925–2015) அவர்களின் கணீரென்ற குரல் இசைத்தட்டிலும் வானொலியிலும் பின்னர் ஒலிநாடாவிலும் வீடுதோறும் நுழைந்தது. பாடிக்கொண்டிருந்த பாட்டி, இப்போது பாட்டைக் கேட்கலானார். எனினும் வானொலி கண்ணையும் கையையும் விட்டு வைத்தது. அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே வேலை நடந்தது, பேச்சும் நடந்தது, உடன் சேர்ந்து பாடவும் முடிந்தது.

எழுபதுகளில் வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் அலை எழுந்தது. அங்கிருந்து வந்த டேப் ரிக்கார்டர் ஒரு வியப்பான பணியைச் செய்தது. எழுதத் தெரியாத தாய் தம் குரலை ஒலிநாடாவில் பதிந்து மகனுக்கு அனுப்பினார். மகனும் அவ்வாறே மறுமொழி அனுப்பினார். முதியோரின் குரலை வாங்கிக்கொண்ட இயந்திரம் அது.

பெட்டி வந்தது

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் ஒளிபரப்பு தொலைவிலுள்ள ஊர்களுக்கு எட்டவில்லை. 1982இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியதும், நம் கடற்கரை ஊர்களில் வளைகுடாப் பணத்தில் வாங்கிய பெட்டிகளுக்கு உயரமான ஆன்டெனாக்கள் எழுந்தன. அதே ஆண்டில் இந்தியாவிலும் வண்ண ஒளிபரப்பு வந்தது. பெட்டியை வீட்டுக்குள் விடலாமா என்ற விவாதம் நம் ஜமாஅத்துகளில் சூடாக நடந்தது. உருவப்படத்தின் விதியை முன்வைத்து அறவே விலக்கியோர் ஒருபுறம். காட்டப்படுவது எதுவோ அதைப் பொறுத்தே விதி அமையும் என்றோர் மறுபுறம். விவாதம் முடிவதற்குள் பெட்டி கூடத்தில் இடம் பிடித்துவிட்டது.

தொடக்கத்தில் அது தெருவுக்கு ஒன்றாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, வாரம் ஒரு திரைப்படம் என்ற அளவோடு நிகழ்ச்சிகள் நின்றன. அண்டை வீட்டார் கூடிப் பார்த்தனர். பார்த்ததைப் பற்றிப் பேசவும் செய்தனர். பெரிய மாற்றம் 1993க்குப் பின் வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது. கேபிள் கம்பிகள் தெருத்தெருவாக நீண்டன. ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’ என்று நாள்தோறும் தொடரும் நெடுந்தொடர்கள் மாலையையும் இரவையும் நிரப்பின. 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஏழை வீடுகளுக்கும் பெட்டியைக் கொண்டு சேர்த்தது. அதன்பின் கூடிப் பார்க்க வேண்டிய தேவையும் மறைந்தது.

ஒளிபரப்புலகம் தன் மிக மதிப்புள்ள நேரமாகக் கருதுவது மாலை மங்கியது முதல் இரவு வரையுள்ள பொழுதை. நம் முன்னோர் ஓதலுக்கும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதற்கும், சீறா கேட்பதற்கும் ஒதுக்கிய மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட பொழுது அதனுள்ளேயே அடங்கிவிட்டது. விளம்பரதாரர் விலை கொடுத்து வாங்கிய அந்த நேரத்தை நாம் விலையின்றி விட்டுக்கொடுத்தோம்.

கேட்போர் எங்கே போயினர்?

ஆயினும் பழி முழுவதையும் பெட்டியின் மேல் சுமத்துவது நீதியாகாது. பெட்டி வந்து அமர்ந்தபோது கூடம் ஏற்கெனவே காலியாகத் தொடங்கியிருந்தது. மகன் ஜித்தாவிலோ துபையிலோ இருந்தார். பேரப்பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியிலிருந்து வந்ததும் டியூஷனுக்கு விரைந்தனர். அரபுத் தமிழை மதரஸாக்கள் மெல்லக் கைவிட்டன. பாட்டிக்குப் படிக்கத் தெரிந்த எழுத்து பேத்திக்கு அந்நியமாயிற்று. திண்ணையும் முற்றமும் உள்ள வீடுகள் இடிந்து அடுக்ககங்கள் எழுந்தன. மார்க்க ஐயங்களுக்குப் பாட்டியைக் கேட்ட காலம் போய்க் கைப்பேசியைக் கேட்கும் காலம் வந்தது. கேட்பதற்கு ஆளில்லாதபோது சொல்பவர் வாய் மூடுவதும், பேசும் பெட்டியின் முன் அமர்வதும் இயல்பே. துணையை இழந்து தனித்திருக்கும் மூதாட்டிக்கு அந்த வீட்டில் கேட்கும் ஒரே மனிதக் குரல் தொலைக்காட்சியின் குரலாக இருக்கலாம்.

அதனால் விளைந்த நன்மையையும் நாம் மறுக்கலாகாது. ஹஜ்ஜுக்குச் செல்ல உடலோ பொருளோ இடம் தராத முதியவர், மக்காவின் ஹரம் ஷரீஃபை நேரலையில் கண்டு கண்ணீர் மல்குகிறார். ரமளானின் ஸஹர் நேரத்து உரைகள் படுக்கையில் இருப்போரையும் சென்றடைகின்றன. எனவே “எந்நேரமும் சீரியல்தானா?” என்ற கேள்வியை எழுப்புமுன், “அவர் பேசினால் கேட்க நம் வீட்டில் யார் இருக்கிறார்?” என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

பெட்டியை அணைக்கச் சொல்வது எளிது. அணைத்த பின் எழும் மௌனத்தை நிரப்புவதுதான் நம் கடமை. மஃரிபுக்குப் பின் அரை மணி நேரம் வீட்டில் எல்லாத் திரைகளும் ஓயட்டும். பெரியவர்களின் தொலைக்காட்சியோடு நம் கைப்பேசியும் ஓய வேண்டும், இல்லையேல் அது அவர்களுக்கு மட்டும் விதித்த தண்டனையாகிவிடும். அந்த நேரத்தில் பேரப்பிள்ளை அவரிடம் ஒரு சிறு சூரா ஓதிக் காட்டட்டும். பிழையை அவர் திருத்தட்டும். அலமாரியில் கிடக்கும் அரபுத் தமிழ் நூலை எடுத்து ஒரு பக்கம் படித்துக் காட்டச் சொல்வோம். தாலாட்டையும் முனாஜாத்தையும் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிவோம். எந்த ஆண்டு எந்தக் கப்பலில் பினாங்கு சென்றார், முதல் சம்பளம் எவ்வளவு, யார் கடன் கொடுத்து உதவினார் என்று கேட்போம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் வாரம் ஒருமுறை பெரியவர்களைச் சிறுவர்கள் முன் அமர்த்தி ஊரின் வரலாற்றைச் சொல்ல வைக்கலாம். இவற்றில் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை.

காலம் குறைவாகவே உள்ளது. அரபுத் தமிழை இயல்பாகப் படிக்கவல்ல தலைமுறை பெரும்பாலும் முதுமையின் எல்லையில் நிற்கிறது. ஓர் ஏடு செல்லரித்தால் நூலகத்தில் வேறு படி தேடலாம். ஒரு மூதாட்டியின் நினைவில் மட்டும் உள்ள பாட்டுக்கு வேறு படி இல்லை. நம் பெற்றோரின் எஞ்சிய பொழுதுகளைப் பயனுள்ளதாக்கவும், அவர்கள் சொல்வதைப் பொறுமையோடு கேட்கும் செவிகளை நமக்கு அருளவும் வல்ல அல்லாஹ் துணை புரிவானாக. ஆமீன்.