மிதிகட்டை

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஃபிட்டராக வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. போன தை மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தம் பெண்ணுக்காகத் தவணையில் ஒரு டிஜிடல் பியானோ வாங்கியிருந்தார். பெண் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. பியானோவுக்கு முன்னால் நண்பருடைய தகப்பனார் உட்கார்ந்திருந்தார்.

பெரியவருக்கு எண்பது வயதுக்கு மேலாகிறது. ஒரு காலத்தில் மதுரைப் பக்கத்தில் ஸ்பெஷல் நாடகங்களுக்குக் கால் ஹார்மோனியம் வாசித்தவர். விரல்கள் பழைய நாடக மெட்டு ஒன்றைத் தயங்காமல் பேசின. ஆனால் கால் சும்மா இருக்கவில்லை. வலது பெடலை ஓயாமல் மிதிப்பதும் விடுவதுமாக இருந்தது. மிதிக்கும்போது ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பின. விடும்போது பட்டென்று அறுந்தன.

அதற்குள் பேத்தி வந்துவிட்டாள்.

“ஐயையோ தாத்தா! காத்து அடிக்காதீங்க. இது ஹார்மோனியம் இல்லே!”

“காத்து இல்லாமெ சத்தம் எங்கிருந்து ஆத்தா வரும்?” என்றார் பெரியவர்.

குழந்தை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டது சரித்திரக் கேள்வி அல்லவா?

ஹார்மோனியம் பிறந்த நாளிலிருந்தே காலால் மிதிக்கும் வாத்தியம். 1840-களின் தொடக்கத்தில் பாரிஸில் அதற்கு உரிமை பெற்ற தெபேன் என்பவர், நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கும் மனிதரை மனத்தில் வைத்துத்தான் அதைச் செய்தார். தரையில் சம்மணமிட்டு உட்காரும் நம் பாடகருக்கு அது எப்படிச் சரிப்படும்? 1875-ல் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் என்பவர் கால்களை வெட்டிவிட்டு, துருத்தியைப் பெட்டியின் முதுகில் வைத்தார். அன்று முதல் ஒரு கை வாசிக்கவும் மறு கை காற்று அடிக்கவுமாக ஏற்பட்டது. பஜனை மடங்கள் அந்தக் கைப்பெட்டியை ஏற்றுக்கொண்டன.

தமிழ் நாடக மேடையோ காலை விடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து நாடகம் என்றால் பாட்டுத்தான். ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசை மண்தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சுருதி கேட்டாக வேண்டும். அதற்கு இரண்டு கைகளும் வேண்டும். மேடையோரத்தில் உட்கார்ந்திருக்கும் ஹார்மோனியக்காரர் வெறும் பக்கவாத்தியக்காரர் அல்லர். நடிகர் மறந்த அடியை எடுத்துக் கொடுப்பார், பின்பாட்டுப் பாடுவார், கூட்டம் தூங்கினால் ஒரு துரித மெட்டைப் போட்டு எழுப்புவார். எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) என்ற அற்புதக் குரலுக்கு அவருடைய தமையனார் காசி ஐயரின் ஹார்மோனியம் துணை நின்றது. இத்தனைக்கும் மூச்சுக் கொடுத்தது கால். அது நின்றால் நாதம் நின்றுவிடும்.

ஸ்வரத்தை வளைக்கத் தெரியாத பெட்டி என்று வித்துவான்கள் அதைக் கடிந்துகொண்டார்கள். அகில இந்திய வானொலி 1940 மார்ச்சு முதல் தேதியிலிருந்து அதற்குக் கதவையே சாத்திவிட்டது. 1971 வரையில் திறக்கவில்லை. கவி தாகூருக்கும் அந்தத் தடையில் திருப்திதான். நாடகம் பார்த்த ஜனங்களை யாரும் கேட்கவில்லை!

பியானோவின் காலுக்கு வேறு வேலை. 1700-ஆம் ஆண்டு வாக்கில் கிறிஸ்டோஃபோரி இத்தாலியில் பியானோவைச் செய்தபோது அதில் பெடலே கிடையாது. பின்னால் முழங்காலால் தூக்கும் நெம்புகோல் வந்தது. ஸ்டைன் என்பவர் செய்த பியானோவில் அது எத்தனை லகுவாக வேலை செய்கிறது என்று 1777-ல் மோட்ஸார்ட் தம் தகப்பனாருக்கு எழுதிய கடிதத்தில் சந்தோஷப்படுகிறார். 1783-ல் லண்டனில் பிராட்வுட், பாதத்தால் மிதிக்கும் பெடலுக்கு உரிமை பெற்றார்.

அது செய்வது இதுதான். பியானோவின் தந்திகளின்மேல் கம்பளித் துண்டுகள் படிந்து கிடக்கின்றன. விரல் கட்டையை அழுத்தும்போது அந்தத் தந்தியின் துண்டு மட்டும் விலகும். விரலை எடுத்ததும் மறுபடி படிந்து நாதத்தை அடக்கிவிடும். வலது பெடலை மிதித்தால் எல்லாத் துண்டுகளும் ஒரே சமயத்தில் எழும்பிக்கொள்ளும். வாசித்த ஸ்வரம் நின்று ஒலிக்கும். வாசிக்காத தந்திகளும் கூடவே முனகும். ஹார்மோனியத்தில் கால் மூச்சைக் கொடுக்கிறது. பியானோவில், வாயைப் பொத்திய கையை எடுத்துவிடுகிறது.

பியானோ நம் பக்கத்துக்குப் புதிது என்று எண்ணிவிடாதீர்கள். கும்மிடிப்பூண்டிக்கும் சென்னைக்கும் நடுவில், சமீபகாலம் வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த மணலி என்ற ஊர் இருக்கிறது. இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் அறியப்படும் ஊர். அங்கேதான் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் ராமஸ்வாமி தீக்ஷிதர் குடும்பம் வாழ்ந்தது. கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டு, முத்துஸ்வாமி தீக்ஷிதர் அந்த மெட்டுகளுக்கு ஸாஹித்யம் செய்தார்; தம்பி பாலுஸ்வாமி வயலின் கற்றுக்கொண்டார். வயலின் நம் கச்சேரியில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. பியானோவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதன் ஸ்வரம் கமகத்துக்கு வளையாது. வளைந்தாலும், அதன் பெடல் நமக்குப் புதுமையாகத் தோன்றியிராது என்பது என் அபிப்பிராயம். வீணைத் தந்தியின்மேல் கம்பளி ஏது? அது எப்போதும் பெடல் மிதித்த பியானோதான்!

டிஜிடல் பியானோவிலோ தந்தியும் இல்லை, கம்பளியும் இல்லை. பதிவு செய்து வைத்த நாதம் இருக்கிறது. மின்வாத்தியங்கள் தமக்குள் பேசிக்கொள்ள 1983-ல் வந்த ‘மிடி’ பாஷையில் இந்தப் பெடலுக்கு 64 என்று எண். கால் இறங்கும் ஆழத்தை 0 முதல் 127 வரை கணக்கிடலாம். மலிவான பெடலுக்கு இரண்டே வார்த்தை தெரியும்: உண்டு, இல்லை. தனியே செருகும் பெடலானால் இன்னொரு வேடிக்கை: மின்சாரம் கொடுக்கும் நேரத்தில் காலை அதன்மேல் வைத்திருந்தால், பல பெட்டிகள் மிதித்ததை விட்டதாகவும் விட்டதை மிதித்ததாகவும் தலைகீழாக எடுத்துக்கொள்கின்றன.

பேத்தி தாத்தாவின் பாதத்தைப் பிடித்துப் பெடலின்மேல் வைத்தாள்.

“குதிகால் தரையிலேயே இருக்கட்டும் தாத்தா. விரல் விழுந்த அப்புறம் மிதிங்க, கூடவே மிதிக்கக் கூடாது. அடுத்தது மாறும்போது விட்டுட்டு உடனே மறுபடி மிதிங்க.”

பெரியவர் தலையசைத்தார். நல்ல சிஷ்யர். மூன்றாவது தடவையில் நாதம் குழம்பாமல் தெளிந்து வந்தது. வலது கால் பேத்தி சொன்ன சொல்லைத் தட்டவில்லை. நாற்காலிக்குக் கீழே இடது கால் மட்டும் வெறுந்தரையில் காற்று அடித்துக்கொண்டிருந்தது.