துன்பத்திற்குக் காரணம் உண்டு: தங்கவயல் தமிழர்களும் பௌத்தமும்

முன்னுரை

பௌத்தம் என்றதும் போதி மரமும், கண்மூடி அமர்ந்த புத்தர் சிலையும்தான் நம் நினைவுக்கு வரும். உலகத்தை விட்டு ஒதுங்கிய துறவிகளின் மதம் என்று நினைக்கிறோம். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்பு, தினமும் உயிரைப் பணயம் வைத்து வேலைக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் பலர் பௌத்தத்தைத் தழுவினார்கள். பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் எங்கள் தாயில்பட்டிப் பகுதிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது.

புத்தர் சொன்னது என்ன?

துக்கம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, அதை நீக்க முடியும், நீக்கும் வழி இது. இவையே பௌத்தத்தின் நான்கு வாய்மைகள். ஒரு வைத்தியர் நோயைப் பார்த்து, அதன் காரணத்தைக் கண்டு, மருந்து கொடுக்கும் முறைதான் இது.

பௌத்தத்திலும் வினைக் கொள்கை உண்டு. ஆனால் மனிதன் படும் துன்பம் எல்லாமே முன்வினைப் பயன்தானா என்று சீவகன் என்ற துறவி கேட்டபோது, புத்தர் அதை மறுத்ததாகப் பாலி நூல் கூறுகிறது. பித்தம், கபம், வாயு, இவை மூன்றும் சேர்ந்த கோளாறு, பருவ மாற்றம், கவனக்குறைவு, பிறர் செய்யும் கொடுமை ஆகிய காரணங்களை எண்ணிவிட்டு, எட்டாவதாகத்தான் வினையைச் சொல்கிறார். அதாவது, கண்ணுக்குத் தெரியும் காரணங்களையும் பார் என்கிறார்.

அயோத்திதாசரின் சங்கம்

தமிழர்களுக்குப் பௌத்தம் புதியதல்ல. மணிமேகலை ஒரு பௌத்தக் காப்பியம். அதன் நாயகி அட்சய பாத்திரம் ஏந்திப் பசித்தவர்களுக்குச் சோறிட்டவள், சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்றச் செய்தவள். பிற்காலத்தில் தமிழகத்தில் பௌத்தம் தேய்ந்து மறைந்தது.

அதை மீண்டும் எழுப்பியவர் சித்த வைத்தியரான அயோத்திதாச பண்டிதர் (1845-1914). 1898-ல் கர்னல் ஆல்காட்டின் உதவியுடன் இலங்கை சென்று பௌத்தத்தை ஏற்றார். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழை ஆரம்பித்தார். அடுத்த ஆண்டே அது 'தமிழன்' ஆனது. தீண்டாமை என்பது முன்பிறவிப் பாவத்தின் பலன் அல்ல, மனிதர்கள் மனிதர்களுக்குச் செய்த கொடுமை என்பதே அவர் வாதத்தின் சாரம். தாழ்த்தப்பட்ட மக்கள் ஆதியில் பௌத்தர்களாக இருந்தவர்கள் என்றும் எழுதினார். இதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. ஆனாலும் தலைகுனிந்து நின்ற மக்களுக்கு அந்தக் கருத்து நிமிர்வைக் கொடுத்தது.

தங்கவயலில் பௌத்தம்

சங்கத்தின் கிளைகள் வேரூன்றிய முக்கியமான இடம் கோலார் தங்கவயல். 1880-ல் அங்கே ஆங்கிலேயக் கம்பெனி வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து ஏழைத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். சுரங்கம் போகப் போக மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. உள்ளே தாங்க முடியாத வெப்பம். பாறை திடீரென வெடித்துச் சரியும். கல்தூசி நுரையீரலை அரிக்கும்.

மாரிக்குப்பம், சாம்பியன் ரீப் பகுதிகளில் பௌத்தர்கள் கூடினார்கள். பஞ்சசீலம் ஏற்றார்கள். சொற்பொழிவு கேட்டார்கள். 'தமிழன்' இதழ் படித்தார்கள். பாறைச் சரிவை பௌத்தம் தடுத்து நிறுத்தவில்லைதான். ஆனால் 'நீ பாவம் செய்து பிறந்தவன் அல்ல' என்று சொல்லும் ஒரு சபை அவர்களுக்குக் கிடைத்தது. அயோத்திதாசர் மறைந்த பிறகும், ஜி. அப்பாதுரையார் தங்கவயலில் இருந்து 'தமிழன்' இதழை நடத்தினார். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது.

நமக்கு என்ன பாடம்?

2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்குப் பிறகும் நம் பகுதியில் விபத்துகள் நிற்கவில்லை. ஒவ்வொரு சாவு வீட்டிலும் கேட்கும் வார்த்தை "எல்லாம் தலைவிதி" என்பதுதான். இழந்தவர்கள் அப்படிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மற்றவர்களும் அதையே சொன்னால் காரணம் மறைந்துபோகிறது. மருந்து கலக்கும்போது ஏற்படும் உராய்வு, ஓர் அறையில் அனுமதித்ததற்கு மேல் ஆட்கள், உள்குத்தகை, அவசர ஆர்டர் ஆகியவை விதி அல்ல. சீவகனுக்குச் சொன்ன பட்டியலில் வரும் கவனக்குறைவும் பிறர் செய்யும் கொடுமையும் இவைதான்.

இறந்த குழந்தையைத் தூக்கி வந்த கிசாகோதமியிடம், சாவே நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரச் சொன்னார் புத்தர். வீடு வீடாக ஏறி இறங்கிய பிறகுதான், துக்கம் தன் ஒருத்திக்கு மட்டும் வந்ததல்ல என்று அவள் உணர்ந்தாள். பட்டாசு ஊர்களில் கதவைத் தட்டினாலும் அந்தக் கடுகு கிடைக்காது.

முடிவுரை

தவிர்க்க முடியாத மரணத்தை ஏற்றுக்கொள்ளும் மனத்தெளிவு ஒன்று. தவிர்க்கக்கூடிய மரணத்தின் காரணத்தைத் தேடும் அறிவு மற்றொன்று. பௌத்தம் இரண்டையும் கற்றுத் தருகிறது. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டால், நாம் பாதி புத்தரைத்தான் படித்திருக்கிறோம் என்று பொருள்.